தெற்கு மூலையில் தண்ணீர் ஏறிய மாலை

எங்கள் கடலோரத்துக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் நேராகப் போவது காட்சிக் கோபுரத்துக்கு. மாவட்ட நிர்வாகம் அதைக் கட்டி முடித்த வருடமே பறவைகள் அந்தப் பக்கத்தை விட்டுத் தள்ளிப் போய்விட்டன. கோபுரத்தைக் குறை சொல்ல முடியாது. மூன்று மாடி, மரப் படிக்கட்டு, ஒளிந்து பார்க்கச் சுவரில் துளைகள். மேலே ஏறி நின்றால், நான்கு திசையிலும் பறவைகள் வேறெங்கோ இறங்குவது தெளிவாகத் தெரியும்.

அந்த வேறெங்கோ எங்கே என்று தெரிந்த ஆள் சுவாலுன் ஊரில் ஒருவர்தான். தோக் கிம்சுன். வயது ஐம்பத்திரண்டு. பறவைப் படிப்பு எதுவும் படித்ததில்லை. மீன் தீவனக் கம்பெனியின் நீலச் சின்ன லாரியை இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார். குளத்து மீன்களுக்குச் சோறு கொண்டுபோவது பிழைப்பு. அந்த மீன்களைத் தின்னும் பறவைகளை எண்ணுவது ஆசை. இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றனவே என்று கேட்டால், "ரெண்டு பேருக்கும் பசிக்குதில்ல" என்பார். அவர் மனைவி பிஹுன் சிப்பி உடைக்கிறவர். அவர் இதைவிடக் கூராகச் சொல்வார்: "எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு முதலாளி. ஒருத்தன் சம்பளம் குடுக்கறான். இன்னொருத்தன் லாரி மேல எச்சம் போடறான்."

கிம்சுன்னின் இடுப்பில் நாற்பத்தொரு சாவி உண்டு. குளக்கரைகளில் மோட்டாரும் செம்புக் கம்பியும் திருடு போக ஆரம்பித்த பிறகு எல்லோரும் கரைப் பாதைக்குக் கேட்டு போட்டுப் பூட்டினார்கள். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வயதானவர்கள். மீதிப் பேர் நகரத்தில் மகனோடு இருக்கிறவர்கள். தீவனம் வரும் நேரத்துக்கெல்லாம் வந்து திறக்க யாராலும் முடியாது. அதனால் சாவியின் நகல் தீவனக்காரனிடம். எந்தச் சாவியிலும் பெயர் கிடையாது. ஒவ்வொன்றிலும் ஒரு நிற மின்கம்பித் துண்டு சுற்றியிருக்கும். தொலைந்தால் எடுத்தவனுக்குப் பயன்படக் கூடாது என்பது ஏற்பாடு. ஆளும் அப்படித்தான். எதையும் பார்க்கிறவர், பார்த்ததை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடத்தாதவர். அல்லது அப்படி ஊர் நம்பியது.

பறவை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க அவருக்குத் தொலைநோக்கி தேவைப்படுவதில்லை. குளிர்காலத்தில் மீன் பிடித்து முடித்தவர்கள் குளத்துத் தண்ணீரை இறக்கி அடி மண்ணைக் காயவிடுவார்கள். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிய நாளிலிருந்து சேறு வெடிக்கும் நாள்வரை பத்துப் பன்னிரண்டு நாள் அந்தக் குளத்தில் பறவைகளுக்கு விருந்து. பிறகு பந்தி வேறு குளத்துக்கு மாறும். பறவைச் சங்கம் வண்ண வரைபடம் அச்சடித்திருக்கிறது. அச்சடித்த வாரத்துக்கு அது சரி. கிம்சுன் பார்ப்பது ஆர்டர் நோட்டை. இந்த வாரம் தீவனம் வேண்டாம் என்று யார் சொல்கிறாரோ, அடுத்த வாரம் அவர் குளத்தில் கரண்டிவாயன்கள் இறங்கும். வெள்ளை உடம்பு, கறுத்த முகம், சோற்றுக் கரண்டி போல அலகு. ஊரில் 'கறுப்பு மூஞ்சி' என்றால் போதும்.

நம்பிக்கையான ஆளாக இருந்தால் கிம்சுன் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். கதவைத் திறக்கக் கூடாது. இன்ஜினை நிறுத்தவும் கூடாது. சத்தம் நின்றால் மனிதன் இறங்கப் போகிறான் என்று பறவைகளுக்குத் தெரியும், லாரி மட்டும் என்றால் பத்தடியில் நிற்கும். கரையில் கால் வைக்கும்போது முதலில் நாய்க்கு வணக்கம், அப்புறம்தான் குளத்துக்காரருக்கு. வரிசை மாறினால் கெண்டைக்காலில் தெரியும். நீளக் கேமராவோடு வருகிறவர்களுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: இரண்டு மூட்டை இறக்கிக் கொடுக்க வேண்டும். தைப்பேயிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் அப்படி மூட்டை தூக்கி மூன்று நாள் படுத்துவிட்டு, அடுத்த வருடமும் வந்தார்.

ஆனால் ஓர் இடத்துக்கு மட்டும் அவர் யாரையும் கூட்டிப்போனதில்லை. ஹாவ் தியாம்ஹொக்கின் குளம். எழுபத்தொரு வயதான ஹொக்கை ஊரில் எல்லோரும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் பதில் சொல்லாவிட்டாலும். குளத்தின் வடக்கு ஓரத்தில், காற்றுக்குத் தட்டி கட்டிய ஆழமான கால்வாய். பால்மீன்கள் குளிரைக் கழிப்பது அதில். கால்வாய்க்கும் குளத்துக்கும் நடுவே ஆள் அகலத்துக்கு ஒரு திறப்பு. மற்றபடி குளம் குளிர்காலம் முழுக்கக் கணுக்கால் தண்ணீர்தான். அதன் தெற்கு மூலை சாலையிலிருந்தும் தெரியாது, கோபுரத்திலிருந்தும் தெரியாது. நான்கு குளிர்காலமாக, ஒவ்வொரு மாலையும் இருநூறுக்கு மேற்பட்ட கறுப்பு மூஞ்சிகள் அங்கேதான் மேய்ந்தன. உலகத்திலேயே சில ஆயிரம்தான் மிச்சமிருக்கும் பறவை.

மூன்று வருடத்துக்கு முன், நீர்க்காகங்களை விரட்ட ஹொக் வெடி போட்டதைக் கேமராக்காரர்கள் படமெடுத்தார்கள். படத்தின் ஓரத்தில் ஒரு கறுப்பு மூஞ்சியும் விழுந்துவிட்டது. போனில் அந்தப் படம் ஊர் ஊராகப் போயிற்று. முன்பின் தெரியாதவர்கள் ஹொக்கைக் கூப்பிட்டுக் கொலைகாரன் என்றார்கள். ஒரு பெண்மணி, இறந்த பறவையிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாராம். எந்தப் பறவையும் இறக்கவில்லை. மன்னிப்பை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அன்று புதுப் பூட்டுப் போட்டார். சாவியின் நகலைக் கிம்சுன்னிடம் கொடுக்கும்போது சொன்னார்: "பறவைக்காரன் ஒருத்தன் உள்ள காலு வெச்சான்னா, அன்னிக்கே உன் சாவியும் போச்சு, உன் பேரும் போச்சு."

கிம்சுன் ஒப்புக்கொண்டார். பறவைக்காரர்களில் அவரும் ஒருவர் என்பதை இருவருமே கவனிக்காதது போல் இருந்துகொண்டார்கள்.

இந்த ஜனவரியில் குளிர் மூன்று நாள் அடித்தது. பால்மீனுக்குப் பத்து டிகிரிக்குக் கீழே உயிர் நிற்காது. செவ்வாய் காலை ஹொக்கின் கால்வாயில் மூன்றில் இரண்டு பங்கு மீன் மல்லாந்து மிதந்தது. புதன் கிழமை வெயில் வந்தது, ஒன்றும் நடக்காதது போல. கிம்சுன் போனபோது ஹொக் கைவலையோடு கரையில் நின்றிருந்தார்.

"தொடாதீங்க பெரியப்பா" என்றார் கிம்சுன். "போன குளிர்ல ஜுவாங் வீட்டுல எல்லாத்தையும் வாரிப் பொதைச்சாங்க. நஷ்ட ஈட்டுக்கு எழுத வந்த ஆபீசர் மீன் எங்கேன்னான். குழியக் காட்டினாங்க. 'குழி ஒன்று காணப்பட்டது'ன்னு எழுதிட்டுப் போயிட்டான். மீன் தண்ணில மிதக்கணும். அப்பத்தான் நம்புவான்."

"எப்ப வர்றானாம்?"

"திங்கக்கிழமை."

"அதுவரைக்கும் நாறட்டுமா?"

"நாறினா இன்னும் நல்லா நம்புவான்."

நல்ல எண்ணத்தில் சொன்ன யோசனை. அதையே அன்று ஒன்பது கரைகளில் சொன்னார். மற்ற எட்டுக் குளங்களும் ஆழமானவை. ஹொக்கினுடையது மட்டும் அப்படியில்லை. வடகாற்று செத்த மீன்களைத் திறப்பு வழியாகத் தள்ளிக்கொண்டுபோய்த் தெற்கு மூலையின் கணுக்கால் தண்ணீரில் சேர்த்தது. அது கிம்சுன்னின் கணக்கில் வரவில்லை.

சனிக்கிழமை வருடாந்திரக் கணக்கெடுப்பு. கடலோரம் முழுக்கப் பதின்மூன்று இடத்தில், ஒரே நேரத்தில், மாலை ஐந்திலிருந்து இருட்டும்வரை எண்ண வேண்டும். பூட்டிய கேட்டுகளுக்கு உள்ளே இருப்பதெல்லாம் கிம்சுன்னின் பங்கு. காலை பத்து மணிக்கு ஹொக்கின் கரையில் நான்கு மூட்டை இறக்க லாரியை நிறுத்தினார். தெற்கு மூலையில் ஒரு கறுப்பு மூஞ்சி உட்கார்ந்திருந்தது. அவை அப்படி உட்காரும் வழக்கமில்லை. அவர் இன்ஜினை நிறுத்தினார்; அது பறக்கவில்லை. கிட்டப் போனார். கண் விழித்திருந்தது, இறக்கை அசைந்தது. கழுத்து மட்டும் நனைந்த கயிறு போலக் கிடந்தது. அலகு தண்ணீரில் மூழ்குவதும், அது தலையைத் தூக்க முயல்வதும், மறுபடி மூழ்குவதுமாக இருந்தது. பக்கத்தில் ஒதுங்கிக் கிடந்த மீன்களின் வயிறு தானாக நெளிந்துகொண்டிருந்தது. புழு.

அவர் மேல்சட்டையைக் கழற்றிப் பறவையைச் சுற்றினார். காலி மூட்டை ஒன்றில் வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய, முன் இருக்கையில் சாய்த்தார். வளைவுகளில் எல்லாம் ஒரு கை அதன் தாடையைத் தாங்கியபடி லாரி ஓடியது.

பழைய உப்பளக் கரையில் லியாவ் டீச்சர் மாலைக்காகத் தொலைநோக்கி வைக்கும் முக்காலிகளை நட்டுக்கொண்டிருந்தார். பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவர். கணக்கெடுப்புத் தாள்களெல்லாம் அவரிடம்தான் போய்ச் சேரும். பறவையின் தலையைத் தூக்கி விட்டுப் பார்த்தார். அது விழுந்தது.

"இது குளிர்ல வந்ததில்ல சுன் அண்ணே. செத்த மீன்ல வெயில் பட்டா ஒரு நஞ்சு ஊறும். புழு அதைத் தின்னாலும் புழுவுக்கு ஒண்ணும் ஆகாது. புழுவத் தின்ன பறவைக்கு மொதல்ல கழுத்து போகும், அப்புறம் மூச்சு." தன் மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டு, காரில் பறவையை மருத்துவரிடம் அனுப்பினார். பிறகு திரும்பினார். "எங்க கிடந்துச்சு?"

"ரோட்டோரம்."

"கால்ல சேறு இன்னும் காயல. நம்ம ரோட்டுல சேறு ஏது?"

கிம்சுன் தன் செருப்பைப் பார்த்தார். அதிலும் அதே சேறு.

"சரி, இடம் கேக்கல. எத்தனை வரும் அங்க?"

"இருநூறு. கொஞ்சம் மேல."

நான்கு வருடமாகக் கிம்சுன்னின் தாளில் இடம் குறிக்காமல் 'இதர' என்று வந்த எண்ணின் அர்த்தம் டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். "அண்ணே, இன்னிக்குச் சாயங்காலம் அதுங்க இறங்கி மேய்ஞ்சா, நாளைக்குக் காலைல நான் எண்ணப் போறது எதை? ஆள் கூட்டிட்டு வர்றேன், ரெண்டு மணி நேரத்துல மீன வாரிடலாம்."

"வார முடியாது. திங்கக்கிழமை ஆபீசர் பாக்கணும். அந்த யோசனையச் சொன்னதே நான்தான்."

"அப்ப அஞ்சு மணி வரைக்கும் உங்க கையில. அதுக்கப்புறம் மாவட்ட ஆபீசுக்குப் போன் பண்ணிடுவேன். அவங்க ஒரு கேட்டைத் தேடமாட்டாங்க. எல்லாக் கேட்டையும் வெட்டுவாங்க."

அவர் மிரட்டவில்லை, நடக்கப் போவதைச் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது. வாயைத் திறந்தால் ஒரு கிழவருக்குக் கொடுத்த வாக்குப் போயிற்று. திறக்காவிட்டால் நாற்பத்தொரு பேருடைய பூட்டும் போயிற்று. பறவைகளோ எப்படியும் ஐந்தே முக்காலுக்கு வந்துவிடும். அவற்றுக்கு யாரிடமும் வாக்கு இல்லை.

மதியம் ஒன்றரைக்கு அவர் மறுபடி ஹொக்கின் கேட்டைத் திறந்தார். ஹொக் கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார். நாற்பது கறுப்பு மூஞ்சிகள் முன்கூட்டியே வந்து கரையோரம் தூங்கிக்கொண்டிருந்தன. குடிசைக் கூரையில் செருகியிருந்த வெடிக்கட்டை, ஹொக் நீர்க்காகத்துக்கு வைத்திருந்ததைத்தான், கிம்சுன் எடுத்தார். முதல் திரியைக் கிள்ளிப் பற்றவைப்பதற்குள் இரண்டு தீக்குச்சி வீணாயிற்று. வாழ்நாளில் ஒரு பறவையையும் அவர் எழுப்பியதில்லை. லாரிக் கதவைக்கூடப் பஞ்சு வைத்து மூடுகிறவர்.

வெடித்தது. நாற்பதும் எழுந்தன. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்தில் இறங்கின. அவர் மறுபடி பற்றவைத்தார். மூன்றாவது வெடிக்குப் பிறகு வடக்குக் கால்வாயில் சளசளவென்று சத்தம் கேட்டது. பிழைத்திருந்த பால்மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

ஹொக்கின் மோட்டார் சைக்கிள் கரையில் வந்த வேகத்தில் நாய் ஒதுங்கியது.

"யாருடா அது வெடி போடறது?"

"நான்தான் பெரியப்பா."

கிழவர் வண்டியை நிறுத்தினார். கிம்சுன்னையும், கையிலிருந்த வெடிக்கட்டையும், மேலே சுற்றிய பறவைகளையும் வரிசையாகப் பார்த்தார். வாயிலிருந்த பாக்கை ஒதுக்கினார்.

"மூணு வருஷமா நான் வெடிக்கட்டைத் தொட்டா, நீ உங்கம்மா செத்தாப்பல மூஞ்சிய வெச்சிக்குவ. இப்ப என்ன, உனக்கும் பைத்தியம் புடிச்சிருச்சா?"

கிம்சுன் சொன்னார். கழுத்து, புழு, நஞ்சு, டீச்சர், ஐந்து மணி. எதையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது மணி இரண்டே கால்.

"ஆக, அந்தம்மாகிட்டச் சொல்லிட்ட."

"இடத்தச் சொல்லல."

"சொல்லப் போற."

"இருட்டுற வரைக்கும் வெடி போட்டுட்டே இருப்பேன். ராத்திரியும் போடுவேன். திங்கக்கிழமை வரைக்கும்."

"ஏண்டா, என் மீன்ல செத்தது போக மிச்சம் இருக்கறது மூணுல ஒரு பங்கு. பால்மீனுக்கு நெஞ்சு எவ்வளவு பெருசுன்னு உனக்குத் தெரியாதா? ரெண்டு நாள் வெடி கேட்டா அதும் பயத்துலயே போயிரும். உன் பறவைய காப்பாத்த என் மீன சாகடிக்கிறியா?"

கிம்சுன் தன் பாட்டுக்கு அடுத்த வெடியை உருவினார். ஹொக் அதைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தார்.

"நின்னு யோசி. அதுங்க எவ்வளவு ஆழம் நிக்கும்?"

"முழங்காலுக்கு மேல போனா நிக்காது. நீந்தி மேயத் தெரியாது."

கிழவர் கடல் பக்கம் பார்த்தார். எங்கள் நிலம் பல வருடமாக உள்வாங்கி, கடலைவிடத் தாழ்ந்துவிட்டது. மதகைத் திறந்தால் தண்ணீர் தானே வரும்; வெளியே அனுப்பத்தான் மோட்டார் வேண்டும். "நாலே முக்காலுக்குக் கடல் ஓதம் உச்சி. இப்ப தொறந்தா அஞ்சரைக்குள்ள இடுப்பளவு ஏறும். மீன் மிதந்துட்டேதான் இருக்கும், ஆபீசரும் பாப்பான்." பறவைக்காக அவர் இதைச் சொல்லவில்லை, வெடி நிற்க வேண்டும் என்பதற்காகச் சொன்னார். அதைத் தெளிவுபடுத்தவும் செய்தார். "எனக்கு உன் கறுப்பு மூஞ்சி இருந்தாலும் ஒண்ணு, போனாலும் ஒண்ணு. ஆனா ஒரு விஷயம். கடல் தண்ணி இப்ப பச்சைத் தண்ணியா சில்லுனு இருக்கும். அது திறப்பு வழியா கால்வாய்க்குள்ள போச்சுன்னா மிச்ச மீனும் மல்லாந்துக்கும். திறப்ப அடைக்கணும்."

"மண் மூட்டை இருக்கா?"

"சாக்கு இருக்கு. மண்ணு வெட்டி ரொப்பினா ராத்திரி ஆயிரும்."

இருவரும் ஒரே நேரத்தில் லாரியைப் பார்த்தார்கள். முப்பத்து நான்கு மூட்டை தீவனம் அதில் இருந்தது.

"மீன் தீவனம் மிதக்கும்" என்றார் கிம்சுன். குரல் தாழ்ந்திருந்தது. "இறால் தீவனம் முழுகும். அது இருபது மூட்டை இருக்கு, விலையும் ருசியும் கூடினது. எல்லாம் வேற ஆளோடது."

"அவன் கேட்டா?"

"வழியில விழுந்துருச்சும்பேன்."

"இருபதுமா?"

"ரோடு மோசம்."

மதகின் இரும்புச் சக்கரம் ஒரு வருடமாகத் திருப்பப்படாதது. கடப்பாரையைக் குறுக்கே கொடுத்து இருவரும் தொங்கினார்கள். அசையவில்லை. ஹொக் டீசல் ஊற்றினார், சுத்தியால் தட்டினார், மதகையும் அதைச் செய்தவனையும் அவன் பரம்பரையையும் திட்டினார். மூன்று ஐந்துக்கு அது ஒரு முனகலோடு கால் சுற்றுத் திரும்பியது. பழுப்பு நீர் உள்ளே நுழைந்தது. வெடிக்கும் சுத்தியல் சத்தத்துக்கும் பிறகு அந்த நாற்பது பறவைகளும் கடல் பக்கம் போயிருந்தன. இனி திறப்பு அடைபடும்வரை கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே எதுவும் இல்லை.

கிம்சுன் திறப்பின் கால்வாய்ப் பக்கம் இடுப்பளவு குளிர்நீரில் இறங்கினார். முதல் மூட்டை முழுகாமல் புரண்டது, உள்ளே காற்று. கத்தியால் ஒரு கீறல் போட்டுக் காலால் மிதித்தார். குமிழி விட்டு அமிழ்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. மேலிருந்து ஹொக் ஒவ்வொன்றாக உருட்டிவிட்டார். இருபத்தைந்து கிலோ மூட்டைக்கு எழுபத்தொரு வயதில் எவ்வளவு முனக வேண்டுமோ அவ்வளவு முனகினார். குளத்தில் தண்ணீர் கண்ணெதிரே ஏறியது. மிதந்த மீன்கள் மெல்ல அடைப்பின் மேல் வந்து முட்டின. பதினோராவது மூட்டையில், கிம்சுன் கரையில் வைத்திருந்த போன் அடித்தது. ஹொக் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். பிஹுன்.

"யோவ், எங்க இருக்க? கம்பெனியில இருந்து மூணு தடவை கூப்பிட்டாச்சு."

"தண்ணில."

"தண்ணில என்ன?"

"தீவனம் போட்டுட்டிருக்கேன்."

"கையாலயா?" என்று கேட்டுவிட்டு, மறுபேச்சில்லாமல் வைத்துவிட்டார்.

பதினேழாவது மூட்டை வைத்தபோது அடியில் ஒன்று வழுக்கி, நடுவே ஒரு கை அகலம் திறந்துகொண்டது. தண்ணீர் அதன் வழியே கால்வாய்க்குள் பீய்ச்சியது. கிம்சுன் முதுகை அதில் கொடுத்து உட்கார்ந்தார். பல் கிட்டியது. ஹொக் குடிசைக்கு ஓடினார். அந்த வயதில் அவர் ஓடியதை நாய்கூட எழுந்து நின்று பார்த்தது. குடிசைக் கதவைக் கீல்களோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். கதவைச் சாய்த்து, இரண்டு மூங்கிலை முட்டுக் கொடுத்து, மீதி மூன்று மூட்டையையும் அதன் மேல் தள்ளினார்கள். பீய்ச்சல் கசிவாயிற்று. கால்வாயில் இரண்டு மீன் மல்லாந்திருந்தன. இருவரும் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது வரவில்லை.

நாலு ஐம்பத்தைந்து. கிம்சுன் விறைத்த விரலால் டீச்சரைக் கூப்பிட்டார். "டீச்சர், போன் பண்ண வேண்டாம். அங்க தண்ணி ஏறிட்டிருக்கு. நிக்க முடியாது."

"எவ்வளவு?"

"இப்பத் தொடை."

"போதுமா?"

"தெரியல. ஆறு மணி வரைக்கும் குடுங்க."

"குடுத்தேன்" என்றார் டீச்சர்.

ஐந்தே முக்காலுக்கு வந்தன. முதலில் ஏழு, பிறகு முப்பது, பிறகு எண்ண முடியாத ஒரு வெள்ளைக் கோடு. சத்தமே இல்லை. கால்களை நீட்டித் தெற்கு மூலைக்கு மேல் தாழ்ந்தன. முன்னால் வந்த பறவை தண்ணீரில் கால் வைத்தது, தரை இல்லை. அலகுவரை அமிழ்ந்து, கோழி போல அடித்துக்கொண்டு எழுந்தது. இரண்டாவது பறவை, அடைப்பில் சாய்த்திருந்த கதவின் விளிம்பில் இறங்கி, மிதந்த மீன் ஒன்றை நோக்கிக் கழுத்தை நீட்டியது. கிம்சுன்னின் கையில் வெடி இல்லை. ஹொக் தன் ரப்பர் செருப்பைக் கழற்றி எறிந்தார். குறி தப்பியது, பறவை எழுந்தது.

கூட்டம் மூன்று முறை சுற்றியது. பிறகு ஒரு பக்கமாகச் சரிந்து வடக்கே போயிற்று. கணக்கெடுப்புத் தாளில் கிம்சுன் அந்த மாலைக்குச் சுழியம் போட்டார். எங்கள் கடலோரத்திலேயே சிறந்த இடம் அது. அந்தக் குளிர்காலம் முழுக்க இனி அங்கே ஒரு பறவை நிற்காது. அதை உண்டாக்கியதும் அவர் இல்லை, காட்டிக்கொடுத்ததும் அவர் இல்லை. மூழ்கடித்தது மட்டும் அவர்.

ஆறு ஐந்துக்கு டீச்சர் கூப்பிட்டார். பின்னால் பலர் பேசும் சத்தம். "இருநூத்திப் பதினேழு உப்பளத்துல வந்து இறங்கியிருக்கு. இங்க எல்லாரும் எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்கறாங்க. நான் வானத்துலருந்துன்னு சொல்லிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, அங்க ஏற்கனவே விழுந்து கிடக்கறது ஏதாவது இருக்கும். புதர்ல ஒதுங்கியிருக்கும். ஒரு பொணம் போதும், அதுல மறுபடி புழு. பொறுக்கியாகணும்."

"இருட்டிருச்சு டீச்சர்."

"காலைல. ஆள் வேணும்னா சொல்லுங்க. வேண்டாம்னா வேண்டாம்."

ஒலிபெருக்கியை யாரும் அணைத்திருக்கவில்லை. ஹொக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு மதகை மூடப் போனார். கிம்சுன் கேட்டைப் பூட்டிக்கொண்டு வீடு வந்தார். பிஹுன் இஞ்சி போட்ட மீன் கஞ்சி வைத்துக் கொடுத்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. மருத்துவரிடம் போன பறவைக்கு ஊசி போட்டாயிற்று, இன்னும் தலை தூக்கவில்லை என்று செய்தி வந்தது.

ஞாயிறு காலை ஆறரைக்கு அவர் போனபோது, கேட்டுக்கு வெளியே ஒரு தீவனச் சாக்கு இருந்தது. வாய் கட்டப்பட்டிருந்தது. தூக்கிப் பார்த்தார், கனம் குறைவு. கட்டை அவிழ்க்காமலே தெரிந்தது.

கேட்டுக்கு உள்ளே, கம்பிக்கு அந்தப் பக்கம், ஹொக் மார்புவரை சேறாக நின்றிருந்தார். கையில் டார்ச்.

"மூணு" என்றார். "வேற இல்ல. ரெண்டு தடவை சுத்திட்டேன். மத்தியானம் இன்னொரு தடவை பாக்கறேன். நீ இதக் கொண்டுபோய் அந்தம்மாகிட்டக் குடு, எரிக்கட்டும்."

கிம்சுன் சாக்கை லாரியில் வைத்தார். மூன்று. இருநூற்றுப் பதினேழில் மூன்று அல்ல, அதற்கு வெளியே மூன்று. தான் சொன்ன யோசனையின் எடை அவ்வளவு என்று அவருக்குப் பட்டிருக்கும்.

"உங்க மீனு?" என்று கேட்டார்.

"அந்த ரெண்டோட சரி."

"மிச்சம் தின்னுதா? குளிர் பட்டது தின்ன ஆரம்பிச்சாத்தான் பொழைக்கும்."

"தின்னுதாவா?" ஹொக் முகத்தைத் துடைத்தார்; சேறு இடம் மாறியது. "ராத்திரியெல்லாம் நீ கீறிவிட்ட மூட்டையத்தான் கொத்திட்டிருக்கு. அடைப்பு பாதி கரைஞ்சிருச்சு. ஓடிப் போய் மண் மூட்டை கொண்டா. இறால் தீவனம் தின்ன மீனு, இனிமே நான் போடறத மோந்துகூடப் பாக்காது."